வாசலுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று

களியக்காவிளைச் சந்தையைக் கடந்து தேசிய நெடுஞ்சாலை வழியே வடமேற்காக வருவோரைக் கேரள நாட்டின் பக்கத்தில் முதலில் வரவேற்கும் பெரிய ஊர் பாறசாலை. குழித்துறைப் பக்கமிருந்து இரயிலில் வருவோர்க்கும் அப்படியே. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே 1979ஆம் ஆண்டு முதல் வண்டிகள் ஓடும் அப்பாதையில், நிலையமொன்றில் எழுத்தராகப் பணியாற்றும் பொருட்டு, விளவங்கோடு வட்டத்துச் சிற்றூரிலிருந்து குடும்பத்தோடு இங்கு வந்து சேர்ந்தோம். கடந்து வந்தது சில கல் தொலைவே. கடல் கடந்து சென்ற அன்பர்கள் இதனைக் கேட்டு நகைக்கலாம். ஆயினும் ரேஷன் அட்டையும் பள்ளிப் பாடமும் மாறிவிட்டால், சில கல் தொலைவும் குடிபெயர்ச்சிதான்.

1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி, உறவில் விழவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் இருபுறமும் நடக்கின்றன. களியக்காவிளை, இஞ்சிவிளை, அமரவிளை என ஊர்ப்பெயர்களும் ஒரே தோட்டத்துச் செடிகள் போல் தொடர்கின்றன. சொற்களும் அவ்வாறே. வாசலில் கால் துடைக்கக் கிடக்கும் கயிற்று விரிப்பை இங்குள்ளோர் ‘சவிட்டி’ என்பர். நம் வீட்டில் அம்மைக்கும் அது சவிட்டியே. மற்றப் பகுதித் தமிழர் மிதியடி என்றோ கால்மிதி என்றோ சொல்வர். இக்கட்டுரை எழுத நேர்ந்தது அந்தச் சவிட்டியால்தான்.

இப்பகுதியில் குளிர்காலம் என்று சொல்லத்தக்கது இல்லை. மார்கழி விடியலில் சற்றே பனி பெய்யும். வெயில் ஏறியதும் மறையும். இங்குள்ளோரைச் சோதிப்பது மழை. இடவப்பாதி என்று மலையாளத்தார் சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்தில் வரும். அது ஓய்ந்தபின் ஐப்பசியில் துலாவர்ஷம் பிற்பகல் தோறும் இடியோடு இறங்கும். இவ்விரு மழையும் செம்மண்ணைக் குழம்பாக்கி, செருப்பில் ஏற்றி, காருக்குள் கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே ஒட்டியிருக்கும் துணித்தளம் ஒருமுறை நனைந்தால் பல நாள் உலராது. பின்னர் பூஞ்சை வாடை எழும். அடியிலுள்ள தகட்டில் துருவும் பிடிக்கும்.

நாம் பழைய கார் ஒன்றை வாங்கிய முதல் ஐப்பசியில் இந்தத் தொல்லையைக் கண்டோம். காசு செலவிட மனமின்றி, வாசலில் கிடந்த சவிட்டியை எடுத்து, காரில் முன்பே இருந்த விரிப்பின் மேல் இட்டுவிட்டோம். மண்ணையெல்லாம் அது விழுங்கிக்கொண்டது. நம் அறிவை நாமே மெச்சிக்கொண்டோம்.

ஒரு மாலை அம்மையின் கண்ணைக் காட்டுவதற்காக நெய்யாற்றங்கரைக்குப் புறப்பட்டோம். உதியன்குளங்கரையைத் தாண்டும்போதே மழை வலுத்தது. நெய்யாற்றின் மேலுள்ள அமரவிளைப் பாலத்தை நெருங்குகையில், முன்னே சென்ற பேருந்து திடீரென நின்றது. பிரேக்கை மிதித்தோம். அது பாதி இறங்கி, அதற்கு மேல் இறங்க மறுத்தது. சவிட்டி முன்னோக்கி வழுக்கிச் சென்று, மிதிக்கட்டையின் பின்னே மடிந்து நின்றிருந்தது. கைப்பிரேக்கை இழுத்து வண்டியைச் சாலையோரச் சேற்றில் ஒதுக்கினோம். பேருந்தின் பின்புறத்துக்கும் நமக்கும் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. பின்னிருக்கையில் அம்மை வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கை மட்டும் நம் தோளைப் பற்றியிருந்தது. வீடு திரும்பும் வரை அந்தப் பிடி தளரவில்லை.

அந்த மார்கழியில் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தானிடம் இதைச் சொன்னோம். அவர் நகைக்கவில்லை. “மச்சான், எங்க ஊரில இதைப் பெரிய காரியமாத்தான் பார்ப்பாங்க” என்று தொடங்கினார். அங்கே குளிர்காலத்தில் சாலைப் பனிக்கட்டியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் காலணியோடு காருக்குள் வந்து, துணித்தளத்தில் வெண்மையாகப் படிந்து, இரும்பையும் அரிக்கிறது. ஆகவே, நீரைத் தேக்கி வைக்கும் விளிம்பு உயர்ந்த விரிப்புகளைக் குளிர் தொடங்குமுன்பே இடுவார்களாம். மட்டமான பிளாஸ்டிக் கடுங்குளிரில் விறைத்துப் போகும். ரப்பரும் அதையொத்த நெகிழ் பொருள்களும் வளைந்து கொடுக்கும் என்றும் சொன்னார்.

அவர் கூறிய மற்றொரு செய்தி நம்மை நடுங்கச் செய்தது. 2009 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சான்டியாகோ நகருக்கு அருகே, விற்பனை நிலையத்தார் தற்காலிகமாகக் கொடுத்திருந்த லெக்சஸ் கார் ஒன்று நிறுத்த இயலாத வேகத்தில் ஓடி மோதியதில் நால்வர் மாண்டனர். அந்தக் காரில் வேறொரு மாதிரி வண்டிக்குரிய, எல்லாப் பருவத்துக்குமான விரிப்பு இடப்பட்டிருந்தது. ஆக்ஸிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது என்பது விசாரணையில் தெரியவந்தது. அதே ஆண்டு டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 38 லட்சம் கார்களின் உரிமையாளர்களிடம், ஓட்டுநர் பக்கத்து விரிப்பை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டது. விரிப்பு நல்லதா என்பது முதற்கேள்வியன்று, அது இந்த வண்டிக்கு உரியதா என்பதே முதற்கேள்வி என்று அன்று உணர்ந்தோம்.

மறுநாள் அத்தானும் நாமும் நெய்யாற்றங்கரைக் கடைத்தெருவுக்குச் சென்றோம். வழியில் கிருஷ்ணசுவாமி கோயிலில் வணங்கி, மார்த்தாண்டவர்மா பகைவர்க்கு அஞ்சி ஒளிந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவையும் கண்டோம். பின்னர் கடையில் நால்வகை விரிப்புகளைப் பார்த்தோம். துணி விரிப்பு காட்சிக்கு அழகு. நீரைக் குடித்துவிட்டு உமிழ மறுக்கும். சுருள் சுருளாக நூலிழை போன்ற பிளாஸ்டிக் விரிப்பு மண்ணை உள்ளே ஒளித்து வைக்கும். ஆனால் நீர் அடியில் இறங்கிவிடும். தளம் முழுவதையும் தோல்போல மூடும் பஞ்சு வைத்த விரிப்பைக் கடைக்காரர் பெரிதும் புகழ்ந்தார். அதனடியில் ஒருமுறை நீர் புகுந்தால் உலர வழியில்லை என்பதால் அதனைத் தவிர்த்தோம். இறுதியாக, நம் வண்டியின் மாதிரிக்கென்றே வார்த்த, பள்ளங்களும் உயர்ந்த விளிம்பும் உடைய ரப்பர்த் தட்டைத் தேர்ந்தோம்.

வாங்கியபின் அத்தான் செய்வித்த சோதனைகளை அன்பர்கள் குறித்துக்கொள்ளல் நலம். முதலாவது, பழைய விரிப்பை அகற்றிவிட்டே புதியதை இட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று என்றும் ஆகாது. இரண்டாவது, ஓட்டுநர் பக்கத்துத் தரையிலுள்ள கொக்கி விரிப்பின் துளையில் சரியாகப் பொருந்த வேண்டும். மூன்றாவது, எஞ்சினை நிறுத்திவிட்டு ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் அடிவரை மிதித்துப் பார்க்க வேண்டும். எங்கும் விரிப்பில் தட்டக்கூடாது. நான்காவது, கழுவியபின் பளபளப்புக்காக எண்ணெயோ பாலிஷோ பூசக்கூடாது, கால் வழுக்கும். மழைநாளில் வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கி அடியில் ஈரம் உண்டா என்று பார்ப்பது ஐந்தாவது.

திரும்பும் வழியில் கிழக்கே வெள்ளறடை வரை காரை விட்டோம். ரப்பர்த் தோட்டங்களில் மரந்தோறும் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தது. வெட்டுவாயில் மழைநீர் இறங்காமல் காக்கும் ஏற்பாடு அது. 1902ஆம் ஆண்டு பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டமாக வேரூன்றிய இம்மரம், பின்னர் தென்கோடி மலைச்சரிவெங்கும் பரவியது. தென்னையோ அதனினும் பழைய உறவு. 1859இல் ஆலப்புழையில் கயிற்று விரிப்புத் தொழிற்சாலை தோன்றும் முன்பே இக்கரை மக்கள் தென்னை நாரைத் திரித்தவர்கள். உவர்நீரில் மாதக்கணக்கில் ஊறியும் மட்காத நார் அது. ஆகவே சவிட்டியின்மேல் குற்றமில்லை. அதை இடம் மாற்றி இட்ட நம்மீதே குற்றம்.

வீட்டுக்கு வந்ததும், சேறு கழுவி வெயிலில் உலர்த்திய சவிட்டியை அம்மை தாமே எடுத்து வாசலில் விரித்தார். “மக்களே, வாசலுக்கு உள்ளது வாசலில் கிடக்கட்டும், வண்டிக்கு உள்ளது வண்டியில் கிடக்கட்டும்” என்றார். அடுத்த மழையில் அவரை மீண்டும் நெய்யாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றோம். அமரவிளைப் பாலம் வந்தது. பிரேக் அடிவரை இறங்கியது. அம்மையின் கை நம் தோளுக்கு வரவில்லை, மடியிலேயே இருந்தது.

பனி உறையும் நாடுகளிலும் மணல் பறக்கும் நாடுகளிலும் வாழும் அன்பர்கள், அடுத்த பயணத்துக்குமுன் ஒருமுறை குனிந்து தம் காலடியைப் பார்ப்பார்களாக.