கைக்குத் தெரிந்த கணக்கு

எனக்குக் கண் இருட்டியது மெதுவாக. கை இருட்டியது ஒரே ராத்திரியில். முதலாவதைப் பற்றிக் காரைக்குடியில் தெரிந்தவர் எல்லோரும் விசாரிப்பார்கள். இரண்டாவதை நானாகச் சொன்னால்தான் உண்டு.

கண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைத் தின்றுவிடும் வியாதி. கிளாக்கோமா என்பார்கள். பெரும்பாலும் வலி இருக்காது, கண் சிவக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். அதனால் கதவு நிலையில் தோள் இடிக்கும்போதுகூடக் கண்மேல் சந்தேகம் வராது. நாற்பதைத் தாண்டியபின் மதுரைக்குப் போய்க் காட்டினேன். "போனது திரும்பாதும்மா, இருக்கிறதைக் காப்பாத்தப் பார்ப்போம்" என்றார் டாக்டர். சொட்டு மருந்துக்கும் மிஞ்சி, இருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவிலும் அடுப்பு எரியத்தான் வேண்டும். எங்களுக்குப் பலகாரம்தான் சோறு.

கண் இல்லாமல் நடமாடச் செட்டிநாட்டு வீடு தோதானது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். ஆத்தங்குடிக் கல் பதித்த இடம் வழுவழு, முற்றத்து ஓரக் கருங்கல் சொரசொர. நான் எங்கே நிற்கிறேன் என்று காலே சொல்லிவிடும். ஆத்தங்குடிக் கல்லில் உள்ள பூ மட்டும் காலுக்குத் தெரியாது. அது கண்ணிருந்த காலத்துச் சேமிப்பு.

கைமுறுக்கு சுற்றக் கண் வேண்டியதில்லை. மாவு பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டே இறங்கும். பதம் தவறினால் சுற்றும்போதே விண்டுபோகும். எண்ணெயில் போட்டதும் பெரிதாக இரைகிற சத்தம், ஈரம் வற்ற வற்றத் தணிந்து, ஒரு கட்டத்தில் அடங்கும். அப்போது எடுக்க வேண்டும். "சட்டி முன்னால பயமில்லையா ஆச்சி?" என்று மாவு இடிக்க வரும் பெண் கேட்பாள். "சத்தம் அடங்கட்டும், எடுத்துருவோம்" என்பேன். அவள் கண்ணால் பார்த்து எடுத்ததைவிட என் ஈடு சிவக்காமல் இருக்கும் என்று கல்யாண வீடுகளில் பேர் வாங்கியவள் நான்.

பணத்தையும் அப்படித்தான் பழகியிருந்தேன். அன்றைய ஐம்பது ரூபாய் நோட்டு 147 மில்லிமீட்டர் நீளம். நூறு 157, ஐநூறு 167, ஆயிரம் 177. ஒவ்வொரு படிக்கும் சரியாக ஒரு சென்டிமீட்டர் கூடும். நோட்டை விரலிடுக்கில் வைத்து நீவினால் மிச்சம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் கணக்கு தெரிந்துவிடும். யாரையும் கேட்காமல் வாங்குவேன், கேட்காமல் மீதி கொடுப்பேன். கண் போனபின் நான் முதன்முதலாகச் சிரித்தது அந்தத் தைரியம் வந்தபிறகுதான்.

2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் பிரதமர் பேசினார். நடுராத்திரியோடு ஐநூறும் ஆயிரமும் செல்லாது. ஊரே பதறியது, நானும் பதறினேன். கார்த்திகைக் கல்யாணங்களுக்கு வாங்கிய முன்பணம் எல்லாம் ஆயிரமாக டப்பாவில் கிடந்தது. வரிசையில் நின்று அதை மாற்றிவிட்டோம். மாற்றி வாங்கி வந்ததில்தான் என் கஷ்டம் ஆரம்பித்தது. புது இரண்டாயிரம் 166 மில்லிமீட்டர். நீளத்தில் அது என் கைக்குப் பழைய ஐநூறு. புது ஐநூறு 150. அது பழைய ஐம்பதை ஒட்டி வந்தது. அடுத்த வருஷம் வந்த இருநூறு 146, பழைய இருபதோ 147. புது ஐம்பதும் பழைய பத்தும் அப்படியே. பழைய சின்ன நோட்டுகளும் கூடவே புழங்கியதால் ஒரே பெட்டியில் இரண்டு அளவுகோல். புதுசுகளுக்குள்ளேயே நூறுக்கும் இருநூறுக்கும் இடைவெளி நாலு மில்லிமீட்டர், இருநூறுக்கும் ஐநூறுக்கும் அதே நாலு. ஒரு அரிசி மணி நீளம்கூடத் தேறாது. ஓரத்தில் தடவிப் பார்க்கக் கோடு போட்டிருக்கிறது, உண்மைதான். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு, புழங்கிப் புழங்கி, அது மழுங்கிவிடுகிறது.

அந்த நாட்களில்தான் நான் உண்மையாகவே குருடானேன். ஒவ்வொரு நோட்டையும் நீட்டி "இது எவ்வளவு அப்பா?" என்று கேட்க வேண்டியிருந்தது. பெரும்பாலானவர்கள் நியாயமாகத்தான் சொன்னார்கள். ஒருத்தர் ஐம்பது என்று பழைய பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பது ரூபாய் பெரிதில்லை. அதற்குப் பிறகு யார் கை நீட்டினாலும் மனசு சுருங்கியதே, அதுதான் நஷ்டம்.

என் மாமியாரின் அஞ்சறைப் பெட்டி பரணில் கிடந்தது. அதை இறக்கிப் பணப்பெட்டியாக்கினேன். கடுகும் சீரகமும் இருந்த அறைகளில் பத்து, இருபது, ஐம்பது, நூறு, இருநூறு. ஐநூறு மடியில். பையன் சாயங்காலம் வந்து பிரித்துக் கொடுப்பான். நூறை நீளவாட்டில் மடிப்பது, இருநூறை நாலாக மடிப்பது, ஐம்பதை மடிக்காமல் விடுவது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். இதே அவஸ்தையைச் சொல்லிப் பார்வையற்றோர் சங்கம் மும்பை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 2020 ஜனவரி முதல் தேதி ரிசர்வ் வங்கி 'மணி' என்று ஒரு செயலி விட்டது. போன் கேமரா முன் நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும், ஆரம்பத்தில் இந்தியிலும் இங்கிலீஷிலும். நல்ல காரியம். ஆனால் ஒரு கையில் கரண்டி, மறு கையில் நோட்டு என்றால் போனை எந்தக் கையில் பிடிப்பது? நாணயம் தேவலை. புது இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். தொட்ட மாத்திரத்தில் தெரிகிறது.

இப்போது நான் நன்றாக இருக்கிறேன். கொப்புடையம்மன் புண்ணியம், உங்களுக்குப் பொறுமை அதிகம் என்றெல்லாம் காரணம் சொல்கிறார்கள். அம்மன் கோவிக்கமாட்டாள், நிஜத்தைச் சொல்கிறேன்: எனக்குப் பொறுமை கிடையாது. முறுக்கு சிவக்காமல் வருகிறது, மீதிச் சில்லறையை நானே எண்ணிக் கொடுக்கிறேன், அதனால் நன்றாக இருக்கிறேன். எங்கள் நிம்மதி நெஞ்சுக்குள் ஊறுகிறது என்று நினைத்துக்கொண்டு, நோட்டின் நீளத்தை யாரோ எங்கோ குறைத்துவிடுகிறார்கள். அடுத்த தடவை மாற்றுவதற்கு முன், என்னை மாதிரி நாலு பேர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லட்டும்.