அன்றாட விளக்கு

துன்பம் வந்துற்றபோது இறைவனை நினையாதார் மிகச் சிலர். ஆயின் நினைத்தல் வேறு, நம்புதல் வேறு. இவ்வேற்றுமையை நான் கற்றது நூல்களில் அன்று. ஒரு ஜாம் போத்தல் விளக்கின் முன்னிலையிலே.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள். வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரை விட்டுப் புறப்பட்ட இரவு அது. மழை பெய்துகொண்டிருந்தது. செம்மணி வெளியினூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் அடியெடுத்து வைக்க இடமில்லை. அப்போது எனக்கு வயது பதினான்கு. அரிசியையும் உடுப்பையும் சைக்கிளிற் கட்டி உருட்டி வந்த தந்தையார், சனநெருக்கத்தில் எங்களைப் பிரிந்துவிட்டார். அன்னையாரும் தங்கையும் நானும் தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையில் ஒதுங்கினோம்.

மண்ணெண்ணெய் அரிதாயிருந்த காலம் அது. மறுநாள் மாலை அன்னையார், போத்தலின் அடியில் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரியை ஏற்றிக் கைகூப்பினார். "இன்றைய பொழுதைக் காத்தாய், அப்பனே" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சினம் பொங்கியது.

"அப்பாவைக் காணேல்லை. இதிலை என்னத்தைக் காத்தவர்?" என்றேன்.

அன்னையார் என்னைக் கடியவில்லை. "பயம் எனக்கும் இருக்குது, தம்பி. நாளைக்கு வேண்டிய தைரியத்தை நாளைக்குக் கேட்பம். இண்டைக்கு உள்ளது இண்டைக்குப் போதும்" என்றார்.

விடிந்ததும் அவர் வாளா இருக்கவில்லை. ஒவ்வொரு முகாமாக நடந்து தந்தையாரைத் தேடினார். மாலையில் வந்து விளக்கேற்றினார். ஐந்தாம் நாள் தந்தையார் வந்து சேர்ந்தார். ஆயினும் அதே விறாந்தையில் மகனைத் தேடிய மற்றொரு தாயாருக்கு அந்நாட்களில் ஒரு செய்தியும் வரவில்லை. அவரும் மாலைதோறும் எங்கள் விளக்கடியில் வந்து அமர்ந்தார். நம்பிக்கை என்பது இறைவனோடு செய்யும் பண்டமாற்று அன்று என்பதை அவரிடமிருந்தே உணர்ந்தேன்.

அப்பர் பெருமான் நீற்றறையில் ஏழு நாள் இருந்தாரெனச் சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுவார். அறை திறந்த பின்னர் அன்று, அதனுள் இருந்தபோதே அவர் இறைவன் திருவடி நிழலைப் பாடினார். முதல் நாளே கதவு திறக்கவில்லை. ஏழு நாளையும் ஒவ்வொன்றாகவே கடக்க வேண்டியிருந்தது. வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் அந்த விறாந்தை என் கண்முன் தோன்றும்.

2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, "எங்கடை எதிர்காலம் என்னாகும், சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். என்னிடம் விடை இருக்கவில்லை. அன்னையாரின் விளக்கைப் பற்றிச் சொன்னேன். பின்பு, "இன்றைய பாடத்தை இன்று படிப்போம்" என்று புத்தகத்தைத் திறந்தேன்.

அச்சம் முற்றாக நீங்கிய பின்னர்தான் நம்ப வேண்டுமென்றால் எவராலும் நம்ப இயலாது. அஞ்சும் நெஞ்சோடுதான் நாமும் மாலைதோறும் விளக்கை ஏற்றுகின்றோம். ஒரு நாளுக்குரிய எண்ணெய் அதிலே இருந்தாற் போதும்.