மாத்திரை எனக்கில்லக்கா

மார்ச் 9, 2020, திங்கள்

ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்குக் கொரோனா, தமிழ்நாட்டில் அவர்தான் முதல் ஆள் என்று சனிக்கிழமை செய்தி வந்தது. இன்று காலை நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் வாசலில் கும்பல். எல்லோருக்கும் மாஸ்க் வேண்டும். எங்கள் ஓட்டேரி மெடிக்கலில் பெயின்ட் அடிக்கிறவர்களும் டயாலிசிஸுக்குப் போகிறவர்களும் தவிர வேறு யாரும் மாஸ்க் கேட்டதாக ஞாபகம் இல்லை. இருந்த ஒரே பெட்டி அரை மணியில் காலி. முதலாளி நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போன் போட்டார். மொத்த வியாபாரி, “ரேட்டை இப்ப கேக்காதீங்க, சாயங்காலம் பேசலாம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எதிரே கோழிக்கடை பாய் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். கோழி தின்றால் வரும் என்று எவனோ வாட்ஸப்பில் போட்டுவிட்டான். சம்பந்தமே இல்லை என்று அரசாங்கம் சொல்லிப் பார்த்தது. சிலேட்டில் விலையை அழித்து அழித்துக் குறைத்து எழுதுகிறார் பாவம், ஆள் வரவில்லை.

மார்ச் 21, சனி

மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய், இரண்டடுக்கு 8, சானிடைசர் 200 மில்லி 100 ரூபாய். இதற்கு மேல் விற்கக்கூடாது என்று டெல்லி உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் எங்களுக்கு வந்து சேருகிற விலையே அதற்கு மேல். முதலாளி யோசித்துவிட்டு, ‘மாஸ்க், சானிடைசர் இல்லை’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். அதைப் படித்துவிட்டும், “உள்ள இருக்கும், பாருக்கா” என்று கேட்கிறார்கள். நாளை சுய ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமைதானே, போகட்டும் என்றுதான் தெருவில் பேச்சு.

மார்ச் 27, வெள்ளி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு 144 என்றார்கள். இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து 21 நாள் என்றார். அந்த இரவு கடை வாசலில் நடந்ததை எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கேட்டவர்கள் ஒரு பக்கம். தினக்கூலிக்காரர்கள் வழக்கம்போல ஐந்து மாத்திரை வெட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். முன்ஜாக்கிரதைக்குக் கையில் காசு வேண்டும்.

அந்த வாரமே ‘ட்ரம்ப் சொன்ன மாத்திரை’ கேட்டு ஆள் வரத் தொடங்கியாயிற்று. ஹைட்ராக்சிகுளோரோகுயின். மருத்துவப் பணியாளர்கள் தடுப்புக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று ஐ.சி.எம்.ஆரும் சொல்லிவிடவே, ஆளாளுக்குத் தாங்களே மருத்துவப் பணியாளர் ஆனார்கள். இப்போது அதை எச்1 பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சீட்டு இல்லாமல் தரக்கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை, எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். உத்தரவு வருமுன்பே சரக்கு தீர்ந்துவிட்டது. முடக்குவாதத்துக்கு வருஷக்கணக்காக அதைச் சாப்பிடும் ரிட்டயர்டு டீச்சரம்மா இன்று வந்தார். மடங்காத விரல்களால் பர்ஸைத் திறந்து பழைய சீட்டை எடுத்து நீட்டினார். இல்லை என்றேன். “நான் ட்ரம்பு சொல்லிச் சாப்பிடலையேம்மா” என்றார். நாலு கடைக்குப் போன் போட்டு, புரசைவாக்கத்தில் ஒரு அட்டை கிடைத்தது.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று இரவு 9 மணிக்கு விளக்கேற்றினோம். சிலர் பட்டாசும் வெடித்தார்கள்.

கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, கயிறு கட்டி, குறுக்கே ஸ்டூல் வைத்திருக்கிறோம். காசை ஸ்டூல் மேல் இருக்கும் டெட்டால் தட்டில் போட வேண்டும். நோட்டென்றால் நான் வாங்கிக் கிளிப்பில் மாட்டி வெயிலில் காயப்போடுகிறேன். பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டாத வீடு இந்தத் தெருவில் இல்லை. கத்தரிக்காயை வாஷிங் பவுடரில் கழுவிவிட்டு, “குழம்பு நுரைக்குதுக்கா, ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்க வந்தாள் ஒருத்தி. திருப்பூர் சந்தையில் சுரங்கம் மாதிரி கட்டி, உள்ளே போகிறவர்கள் மேலெல்லாம் மருந்து தெளிக்கிறார்களாம், டிவியில் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரிகிற பாதுகாப்பு என்றால் நம் ஆட்களுக்குத் தனி உற்சாகம். அதே ஆட்கள் கொரோனா உள்ளே வந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் மூச்சு முட்டப் படுத்துக் கிடக்கிறார்கள். துணி மாஸ்க் கட்டுங்கள் என்று இப்போதுதான் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவும் பாதிப் பேருக்குத் தாடையில்தான் இருக்கிறது.

வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “தப்பா நெனச்சுக்காத, நீ மெடிக்கல்ல நாலு பேரத் தொட்டு வர்ற. கொஞ்ச நாளைக்குப் பின்பக்கமா வந்து குளிச்சுட்டுப் போயேன்” என்றார். குளிப்பதை நானே செய்கிறேன். வீட்டில் சுகர்க்கார மாமியார் இருக்கிறார். பின்பக்கம் என்றதுதான் உறைத்தது. நர்ஸ்களை வீட்டைக் காலி செய்யச் சொன்ன கதைகளைக் கேட்டபின், பின்பக்கமாவது இருக்கிறதே என்று போய்வருகிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

காய்ச்சல், சளி மாத்திரை வாங்குகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் எழுதி வைக்க வேண்டுமாம். எச்1 நோட்டுக்குப் பக்கத்தில் பாராசிட்டமாலுக்கும் ஒரு நோட்டு. நோக்கம் புரிகிறது: காய்ச்சல் எந்தத் தெருவில் கூடுகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே போய்ப் பரிசோதிக்கலாம். காகிதத்தில் பழுதே இல்லாத யோசனை.

நோட்டை விரித்த நாளிலிருந்து ஓட்டேரியில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. எல்லோருக்கும் தலைவலி. கால்வலி. “மாத்திரை எனக்கில்லக்கா, ஊர்ல அத்தைக்கு.” பஸ் ஓடாத ஊருக்கு மாத்திரை எப்படிப் போகும் என்று நான் கேட்பதில்லை. ஒருவர் தன் நம்பரைச் சொல்லும்போது ஒன்பது இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வீடு கணக்கெடுக்க வரும் பெண்ணுக்கும் இதே கதைதான். “காய்ச்சல், சளி, இருமல்?” என்று வாசலில் நின்று கேட்கிறாள். “இல்ல, இல்ல, இல்ல.” உள்ளே இருமலை அடக்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவளுக்கும் தெரியும், அடுத்த வீடு போக வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை இவர்கள் நோய்க்குப் பயந்து பொய் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, தெரு முனையில் தகரம் அடித்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் குணமாகி வந்தபின்னும் தண்ணீர்க் கேன் போடுகிறவர் கேனைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போகிறார். இதைப் பார்த்தவன் எவன் நோட்டில் பெயர் கொடுப்பான்?

ஏப்ரல் 21, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்ததைப் பற்றித்தான் பேச்செல்லாம். கொரோனாவில் இறந்துபோன நரம்பியல் அறுவைசிகிச்சை டாக்டர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் கும்பல் கூடி, கல்லாலும் கட்டையாலும் அடித்து, ஆம்புலன்ஸ் கண்ணாடியை நொறுக்கியிருக்கிறது. கடைசியில் கூட இருந்த டாக்டர் ஒருவரே ராத்திரியோடு ராத்திரியாக வேலங்காட்டில் குழிக்குள் மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தாராம். பிணத்தைப் புதைத்தால் பரவாது என்பதை அந்தக் கும்பலுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் முதலாளி. சொல்லியிருந்தால் மட்டும்? பயம் கூட்டமாக நிற்கும்போது காது கேட்காது.

மாமியார் இதைக் கேட்டுவிட்டு அவர் காலத்துக் கதையைச் சொன்னார். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதுவும் ‘உள்ளே வராதே’ என்ற அறிவிப்புத்தான். யாரும் போகமாட்டார்கள். ஆனால் அக்கம்பக்கத்தார் இளநீரையும் மோரையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். தலைக்குத் தண்ணீர் விட்டதும் எல்லாம் பழையபடி. அம்மா வந்துவிட்டுப் போன வீடு, அவ்வளவுதான்; இழிவு கிடையாது. கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் மாரியம்மனுக்கே கோயில் இருக்கிறது. பழசெல்லாம் பொன் என்று நான் எழுத வரவில்லை. பெரியம்மைக்குப் பயந்து, படுத்த ஆளை விட்டுவிட்டு ஓடிய ஊர்களும் உண்டு. மாமியாரே அதையும் சொன்னார். இருந்தாலும் அந்த வேப்பிலையை வீட்டுக்காரர்களே செருகினார்கள். இந்த ஸ்டிக்கரை வேறு யாரோ வந்து ஒட்டுகிறார்கள். எனக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

மே 5, செவ்வாய்

நேற்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 527. இன்று கோயம்பேடு மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். ஏப்ரல் 26ஆம் தேதியிலிருந்து நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் முந்தின நாள் அங்கே திரண்ட கூட்டத்தை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அங்கே மூட்டை தூக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று ஊர் திரும்பியதில் அங்கெல்லாம் எண்ணிக்கை ஏறுகிறது. நேற்றுவரை ‘வெளிநாடு போனியா’ என்று கேட்ட ஜனம் இப்போது ‘கோயம்பேடு போனியா’ என்று கேட்கிறது.

மே 9, சனி

தள்ளுவண்டியில் காய் விற்கிறவள் மத்தியானம் வந்தாள். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள். புருஷன் கோயம்பேட்டில் லோடு இறக்குகிறவன். “பத்து பாராசிட்டமால் குடுக்கா. மாத்திரை எனக்கு. தலவலி.” நோட்டை எடுத்ததும் கையைக் கூப்பிவிட்டாள். “பேர் வேணாங்கா. தகரம் அடிச்சா வண்டி நிக்கும். வாடகைய யார் குடுப்பா?”

அவளை மூன்று வருஷமாகத் தெரியும், பெயரும் தெரியும். அவள் ஒரு பெயர் சொன்னாள். நான் அதையே எழுதினேன். எழுதிவிட்டு, தலைவலிக்காரருக்கு மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். மாடி ஏறினால் வாங்குகிறது என்று அவளையறியாமல் சொல்லிவிட்டாள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாளைக்கே கூட்டிப் போ, மூச்சு வாங்குவதற்கு நான் கொடுக்கிற மாத்திரையில் மருந்து இல்லை என்றேன். தலையாட்டினாள். போகமாட்டாள் என்று தெரிந்தது. தகரத்தை எடுத்துவிட்டு, பதினாலு நாள் வாடகையையும் அரிசியையும் வீட்டு வாசலில் வைத்தால் அந்தப் பெண் தன் சொந்தப் பெயரையே சொல்லியிருப்பாள். ரேஷனில் 1000 ரூபாய் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அது ஏப்ரலோடு தீர்ந்தது.

ஜூன் 8, திங்கள்

எங்கள் தெருவிலேயே காய்ச்சல் முகாம். வேப்பமரத்தடியில் மேஜை போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கு முதலில் கபசுரக் குடிநீர், பிறகு மாத்திரை, அதன்பிறகுதான் கேள்வி. இந்த வரிசையைப் போட்டவர் யாரோ தெரியாது, ஜனங்களை அறிந்தவர். இரண்டு மாதமாக என் நோட்டில் தலைவலி என்று சொன்னவர்கள் பாதிப் பேரை அந்த வரிசையில் பார்த்தேன். காய்வண்டிக்காரி புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். அவன் இப்போது தேறிவிட்டான், ஒரு மாதமாக இருமல் மட்டும் போகவில்லையாம். அவனுக்கு வந்தது கொரோனாவா என்று இனி யார் சொல்ல?

ஜூன் 18, வியாழன்

நாளையிலிருந்து 30ஆம் தேதிவரை சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் மறுபடி முழு ஊரடங்கு. சாமான் வாங்க இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துதான் போக வேண்டும். செங்கல்பட்டுக்கு முன்னால் பரனூர் டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நிற்பதை டிவியில் காட்டுகிறார்கள். பைக்கில் குழந்தையை நடுவில் வைத்து, பக்கத்தில் பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இ-பாஸ் கிடைத்தவர்கள் நேர்வழி, கிடைக்காதவர்கள் குறுக்குவழி.

வீட்டுக்கார அம்மா போன வாரமே சொந்த ஊருக்குப் போய்விட்டார். இன்று போனில் பேசினார். சென்னையிலிருந்து வந்தவர்கள் என்று ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்களாம். பெரியப்பா மகன்கூட எட்டத்தில் நின்றுதான் பேசினானாம். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, அங்கே மெடிக்கல்காரர் சீட்டு கேட்கிறார், வாட்ஸப்பில் அனுப்பு என்றார். அனுப்பினேன். வைப்பதற்கு முன், “யாராவது என்னப் பத்திக் கேட்டா, கெளம்பறப்ப நல்லாத்தான் இருந்தாங்கன்னு சொல்லு, சளி கிளின்னு வாய விட்ராத” என்றார்.

உங்களுக்குச் சளி இருக்கா என்று கேட்டேன். ஊர்க்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, வேறொன்றுமில்லை என்றார். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அங்கேயே நர்ஸம்மா வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். பதில் வரவில்லை, சிக்னல் போயிருக்கலாம். நாளை காலை மறுபடி கூப்பிட வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி கேட்டு இன்றைக்கு மட்டும் நிறையப் பேர் வந்தார்கள். அதற்கும் நைனியப்ப நாயக்கன் தெருவில் விலை சாயங்காலம்தான் தெரியுமாம்.