ஒரே ஆண்டில் திறந்த இரண்டு கதவுகள்

அறுபதுகளின் அமெரிக்கா என்றால் பலருக்கும் சட்டென்று சில படங்கள் மனதில் ஓடும். கென்னடி கொலை, மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலங்கள், வியட்நாம் போருக்கு எதிராகத் திரண்ட மாணவர்கள், நீள முடி வளர்த்த ஹிப்பிகள், நிலவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங். சினிமாவும் ஓடிடி தொடர்களும் இவற்றை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டன.

அதே பத்தாண்டு கடலூர், சிதம்பரம் பக்கமும் கொந்தளிப்போடுதான் கடந்தது. அது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நேரில் பார்த்தவர்களோ எண்பதை நெருங்கிவிட்டார்கள்.

மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் அந்தப் பெரியவர் அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 1965-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். நியூ ஜெர்சியில் பிறந்து வளரும் பேத்திக்குப் பள்ளியில் அறுபதுகளைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். வீடியோ காலில் அவள் கேட்டாள்: "தாத்தா, அப்போ உங்க ஊர்ல எதுவும் நடக்கலையா?"

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நடந்துச்சு கண்ணு. எங்க காலேஜ்ல ஒரு பையன் செத்துப்போனான்" என்றார். அவருடைய மகனுக்கே அது புதுச் செய்தி.

சிதம்பரத்தில் அந்த ஜனவரி

1965 ஜனவரி 26 முதல் இந்தியாவின் ஆட்சிமொழி இந்தி மட்டுமே என்ற நிலை வரவிருந்தது. அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்திருந்த 15 ஆண்டு அவகாசம் அன்றோடு முடிந்தது. ஆங்கிலம் தொடரும் என்று நேரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1963-ல் வந்த சட்டத்தில் இருந்ததோ 'தொடரலாம்' என்ற சொல்தான். அந்த ஒற்றைச் சொல்லை மாணவர்கள் நம்பவில்லை. மத்திய அரசுத் தேர்வுகள் இந்திக்கு மாறினால், வீட்டில் முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் என்ன செய்வார்கள் என்ற பயம் விடுதி அறைகளில் இரவெல்லாம் பேசப்பட்டது.

ஜனவரி 25 அன்று மதுரையில் பற்றிக்கொண்ட போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. 27-ம் தேதி சிதம்பரத்தில் திரண்ட மாணவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அவருடைய தந்தையும் போலீஸ்காரர்தான்.

கல்லூரிகள் மூடப்பட்டன. டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பிய அந்த மாணவரை, "படிக்க அனுப்பினா ஊர்வலமா போற?" என்று அவருடைய அப்பா திட்டினாராம். அன்றிரவு அதே அப்பா, பக்கத்து வீட்டு ரேடியோ முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

ராணுவம் வரவழைக்கப்பட்டது. அரசுக் கணக்கின்படியே சுமார் 70 பேர் உயிரிழந்தார்கள். மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். இந்தி பேசாத மாநிலங்கள் சம்மதிக்கும்வரை ஆங்கிலம் தொடரும் என்பது 1967-ல் சட்டத் திருத்தமாகவே வந்தது.

அதே ஆண்டு, அமெரிக்காவில்

சிதம்பரத்தில் துப்பாக்கி வெடித்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 7 அன்று அமெரிக்காவின் செல்மா நகரில், ஓட்டுரிமை கேட்டு அமைதியாக நடந்துபோன கறுப்பின மக்களைப் பாலத்தில் வைத்துப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அதை அமெரிக்கா முழுவதும் டி.வி.யில் பார்த்தது. சென்னைக்கு டி.வி. வந்ததே 1975-ல்தான் என்பதால், சிதம்பரத்தை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

செல்மாவுக்குப் பிறகு, ஆகஸ்ட் மாதம் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. நிறத்தையும் பிறந்த இடத்தையும் வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது நியாயமா என்ற கேள்வி அதோடு நிற்கவில்லை. வெளிநாட்டவரை அனுமதிக்கும் சட்டத்தையும் அது தொட்டது. அதுவரை இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம். ஐரோப்பியருக்கே முன்னுரிமை தந்த அந்த முறையை முடித்துவைக்கும் சட்டத்தில், 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். புதிய சட்டப்படி ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 20,000 பேர்வரை என்று உச்சவரம்பு உயர்ந்தது. டாக்டர்கள், இன்ஜினீயர்கள், விஞ்ஞானிகளுக்கு வழி பிறந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு விஷயம் விளங்கும். தமிழ்நாட்டு மாணவர்கள் ஆங்கிலத்துக்கான கதவு மூடாமல் பார்த்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டத்தின் வெப்பத்தில் அங்கே இன்னொரு கதவு திறந்தது. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் படித்துவிட்டு விமானம் ஏறிய பிள்ளைகள் இந்த இரண்டு கதவுகளின் வழியாகத்தான் போனார்கள். பெரியவரின் மகனும் அப்படிப் போனவர்தான்.

வீட்டுக்குள் நுழைந்த மாற்றம்

தெருவில் நடந்தது அரசியலையும் புரட்டிப்போட்டது. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அண்ணா முதல்வரானார். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றானது. ஏற்கெனவே அப்படி நடந்த திருமணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம். மதராஸ் மாநிலம் 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆனது.

பெரியவரின் திருமணமும் அப்படித்தான் நடந்தது. மாலை மாற்றி, தாலி கட்டி, பத்து நிமிடத்தில் முடிந்த கல்யாணம் அது. "மந்திரம் சொல்லலையே, இது நிக்குமான்னு எங்க அம்மா அழுதாங்க. அம்பத்தஞ்சு வருஷமா நிக்குதே!" என்று அவருடைய மனைவி சிரிக்கிறார். அவர் கல்லூரிக்குப் போனதில்லை. அறுபதுகள் என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது, அரிசித் தட்டுப்பாட்டின்போது பையோடு நின்ற வரிசைதான்.

கடலூர்க்காரரான ஜெயகாந்தன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதை 1966-ல் ஆனந்த விகடனில் வந்தபோது வீட்டுக்கு வீடு சண்டை. கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமானவள் என்று ஒரு தாய் ஏற்றுக்கொள்ளலாமா? ஊரே விவாதித்தது. மொழிப் போராட்டத்தின் அரசியலை ஜெயகாந்தன் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஒரே திசையில் எல்லோரும் நடந்த காலமல்ல அது.

எல்லோருக்கும் விடிந்த காலமும் அல்ல. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட போராட்டத்துக்குக் கிடைத்த பதில் அது. அமெரிக்காவில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே 1968-ல்தான். அவர் இறந்த சில வாரங்களில்தான் யேல் பல்கலைக்கழகத்தின் விருந்தினராக அண்ணா அங்கே போயிருந்தார்.

கடன் என்று ஒன்று உண்டு

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜேந்திரனுக்குச் சிலை இருக்கிறது. அதைக் கடந்து வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் கதை தெரியும்?

தெரியாமல் போவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களில், "கறுப்பர்கள் இருக்கும் ஏரியா வேண்டாம்" என்ற பேச்சு சர்வசாதாரணமாக வருகிறது. இங்கே, ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் பாடுபடும் வட மாநிலத்துப் பையனின் பேச்சைக் கேலி செய்வதும் சகஜமாகிவிட்டது. மாணவர்கள் எதிர்த்தது திணிப்பைத்தான். இந்தி பேசும் கூலிக்காரரை அல்ல. அமெரிக்காவின் வாசலைத் திறந்துவிட்டதில் பெரும் பங்கு, அங்கே அடிபட்டவர்களுடையது.

சொத்து விவரத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க எந்தக் குடும்பமும் மறப்பதில்லை. அந்தச் சொத்து யாருடைய ரத்தத்தில் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கலாம். தாத்தாக்களும் ஆயாக்களும் இன்னும் பேசும் நிலையில்தான் இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும்.