எண்ணாமல் விட்ட ஆண்டுகள்

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ புறப்படுகிறவர்கள் உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் தேடிச் சென்று, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டு விடைபெறுவது நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பெரும்பாலும் இது ஒரு சம்பிரதாயமாகவே முடிந்துவிடும். கேட்பவரும் சிரித்துக்கொண்டே கேட்பார். பொறுப்பவரும் சிரித்துக்கொண்டே பொறுப்பார். தேநீர் வரும். அங்கே போய்க் கேட்க வேண்டிய துஆக்களின் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

2023ஆம் ஆண்டு ஜனவரியில் என் வாப்பா உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். வயது 80ஐத் தொட்டிருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியவர்கள், கடைசியாக எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்து, முதலில் உம்மாவிடம் கேட்டார்கள். "நான் எப்பவோ பொறுத்துட்டேங்க. நீங்க மாத்திரையை எடுத்து வச்சீங்களா?" என்று கேட்டபடியே உம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்கள். பிறகு வாப்பா என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு நா எழவில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமைகளைப் 18 ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்தி வருபவன் நான். "இஷாவுக்கு நேரமாச்சு வாப்பா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். அதைச் சொல்வதற்கு முன் வாப்பாவின் சபரைச் சொல்ல வேண்டும். கடல் கடந்து பிழைக்கப் போவதை எங்கள் கடற்கரை ஊர்களில் 'சபர்' என்றும், போகிறவரைச் 'சபராளி' என்றும் சொல்வது வழக்கம்.

வாப்பா 1962இல், 19ஆம் வயதில், நாகப்பட்டினத்தில் 'ராஜூலா' கப்பல் ஏறியவர்கள். 1926இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. நாகையில் அது கரையை அணையாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பினாங்கில் சூலியா தெருவையொட்டி உறவினர் ஒருவரின் மளிகைக் கடையில் வாப்பாவுக்கு வேலை. இரவில் கடையின் மேல்மாடியில் 11 பேர் வரிசையாகப் படுப்பார்களாம். வெள்ளிக்கிழமை மட்டும் கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் போவது ஒன்றே வெளியுலகம்.

1968இல் ஊருக்கு வந்து உம்மாவை நிக்காஹ் செய்தார்கள். அதே ஆண்டில்தான் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் மலேசியாவில் வந்தது. 1969 மே மாதக் கலவரத்துக்குப் பின் நிலைமை இன்னும் இறுகியது. வேலையிழந்து திரும்பியவர்கள் ஏராளம். வாப்பாவின் அனுமதிச் சீட்டு தப்பித்தது. ஆனால் நீண்ட நாள் ஊரில் தங்கினால் கதவு மூடிக்கொள்ளுமோ என்ற அச்சம் அவர்களை விட்டுப் போகவே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார்கள், நான்கைந்து மாதம் இருப்பார்கள், போய்விடுவார்கள். 1995இல் நிரந்தரமாகத் திரும்பியபோது எனக்கு 14 வயது.

நான் கல்லூரியில் வரலாறு படித்தேன். வரலாற்று மாணவனுக்குப் பழைய ஆவணங்களைக் கண்டால் கை சும்மா இராது. ஒரு விடுமுறையில் தகரப் பெட்டியிலிருந்த வாப்பாவின் பழைய பாஸ்போர்ட்டுகளை எடுத்து, ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்து, வந்த தேதியையும் போன தேதியையும் ஒரு நோட்டில் எழுதினேன். நிக்காஹ் நடந்த 1968 முதல் திரும்பி வந்த 1995 வரை 27 ஆண்டுகள். அதில் வாப்பா ஊரில் இருந்தது 39 மாதங்கள். என் பிள்ளைப் பருவத்துக்குக் கிடைத்த பங்கு 13 மாதங்கள். கீழே சிவப்பு மையால் கோடிட்டு வைத்தேன். அந்தக் கோடு என் மனத்திலும் விழுந்துவிட்டது.

வாப்பாவைப் பற்றி எனக்கிருந்த முதல் நினைவு, மூன்று வயதில் உம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓர் அந்நியரைப் பார்த்ததுதான். அவர்கள் நீட்டிய மிட்டாயை வாங்கிக்கொண்டேன், மடியில் உட்காரவில்லை. பிறகு வந்த வாப்பா, கேசட்டில் வந்த வாப்பா. 1980களில் சபராளி வீடுகளில் கடிதத்துக்குப் பதிலாகப் பேச்சைக் கேசட்டில் பதிந்து, போகிறவர் வருகிறவர் வசம் கொடுத்து அனுப்புவார்கள். எனக்கு ஆறு வயதானபோது உம்மா ஒரு கேசட்டில் என்னைச் சூரத்துல் ளுஹா ஓதச் செய்து அனுப்பினார்கள். டேப் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓதினேன். 'இதுதான் வாப்பா போலிருக்கிறது' என்று நான் நினைத்ததாகச் சொல்லி ராத்தா இன்றும் கேலி செய்வார்கள்.

இன்று என்னிடம் ஓதும் பிள்ளைகளில் பலருடைய தந்தையர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். "தினமும் ராத்திரி போன்ல பார்ப்பேன் ஹஜ்ரத்" என்கிறார்கள் பிள்ளைகள். பிரிவு முன்னைவிட இலேசாகிவிட்டது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது உறுதியாகத் தோன்றவில்லை. போனில் தெரிகிற வாப்பாவிடம் பிள்ளை நோட்டைக் காட்டும். முதுகில் ஏறி விளையாட முடியாது.

நிற்க. அன்று இஷா முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாப்பா திண்ணையில் இருந்தார்கள். நான் அவர்களைக் கடந்து உள்ளே போனேன். உம்மா பயணத்துக்காக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் தம்பி வாயை மூடிக்கிட்டுப் போனே? அந்த நோட்டுதானே?"

திடுக்கிட்டேன். நான் கல்லூரிக்குப் போயிருந்த நாளில் அலமாரியைத் துடைக்கும்போது உம்மா அதைப் பார்த்திருக்கிறார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை.

உங்களுக்காகத்தான் எழுதினேன் உம்மா, உங்கள் வாழ்க்கையல்லவா வீணாகிப் போனது என்றேன். வாசகச் சகோதரிகளே, இந்த இடத்தில் என் உம்மா கண்ணீர் விட்டதாக எழுதினால் உங்களுக்கும் பொருத்தமாகத் தோன்றும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். உம்மா சிரித்தார்கள்.

"யாரு சொன்னா வீணாப் போச்சுன்னு? ஊரெல்லாம் என்னைப் பார்த்துப் பாவம் பாவம்னாங்க. எனக்கு ஒண்ணும் பாவமா இல்லையே. இந்த வீட்டைக் கட்டினது யாரு? கொத்தனாருக்குக் கூலி பேசினது யாரு? ரெண்டு மா நிலத்தை மோசடிக்காரன் கையிலேருந்து மீட்டு எழுதினது யாரு? உங்க வாப்பா இங்கேயே இருந்திருந்தா நான் வாசப்படியைத் தாண்டியிருப்பேனா?"

உண்மைதான். ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்த உம்மா, டிராஃப்டை மாற்றுவதற்காகப் பேங்குக்குத் தனியே போய்க் கையெழுத்திட்டு, 1983இல் மாடி வீடு கட்டி முடித்தவர்கள். வீட்டு விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கடிதத்தின் பாதியை அரபுத் தமிழில் எழுதுவார்கள். அது தபால்காரருக்கும் புரியாது, கடைக்காரர்களில் பாதிப் பேருக்கும் புரியாது. அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது உம்மாவின் முகத்தில் இருந்தது பெருமிதம். அதை நான் இத்தனை காலம் பார்க்கத் தவறியிருந்தேன்.

"கஷ்டம்னா, உங்க வாப்பா திரும்பி வந்த முதல் ஒரு வருஷம்தான்" என்று குரலைத் தாழ்த்தினார்கள். வாப்பா வந்தவுடன் கடைக் கணக்கைப் போல வீட்டுக் கணக்கை எழுதத் தொடங்கினார்களாம். தீப்பெட்டிக்கும் கணக்கு. நிழல் விழுகிறது என்று முருங்கை மரத்தை வெட்டச் சொன்னார்களாம். "27 வருஷம் நான் முதலாளி. திடீர்னு ஒரு முதலாளி வந்து உட்கார்ந்தா?" அந்த மரம் இன்றும் கொல்லையில் நிற்கிறது. ஆகவே யார் வென்றார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

பிறகு, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "உனக்கு மேலே ஒண்ணு போச்சே, அப்பதான்" என்றார்கள். 1976இல் எட்டு மாதத்தில் மௌத்தான என் காக்காவை வாப்பா பார்த்ததே இல்லை. செய்தி கடிதமாகப் போய்ச் சேர்வதற்குள் கபரின் மேல் புல் முளைத்துவிட்டது. "எப்படிப் போச்சுன்னு நான் எழுதலை. நல்லபடியா அடக்கியாச்சுன்னு மட்டும் எழுதினேன். அங்கே தனியா உட்கார்ந்து அழுவாரே. அந்த ஒரு ராத்திரிதான் இவர் பக்கத்துல இல்லையேன்னு இருந்துச்சு."

அடுப்பை அணைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள்: "நீ 39 மாசத்தை எண்ணினே. வந்ததுக்கப்புறம் 28 வருஷமா இந்தத் திண்ணையிலதானே உட்கார்ந்திருக்காரு. அதை ஏன் தம்பி எண்ணலை?"

என்னிடம் பதில் இல்லை. அந்த 28 ஆண்டுகளில் நான் எத்தனை மாலைகள் வாப்பாவோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று கணக்கிட்டால், மாதக் கணக்குக்கு வராது. விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும். காலையில் ஸலாம் சொல்வேன். மாத்திரை வாங்கிக் கொடுப்பேன். மருத்துவரிடம் அழைத்துப் போவேன். கடமையில் குறை வைத்ததில்லை. கடமையைக் குறைவில்லாமல் செய்துகொண்டே ஒரு மனிதரைத் தண்டிக்க முடியும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

திண்ணைக்கு வந்து வாப்பாவின் அருகே உட்கார்ந்தேன். அவர்களே பேசினார்கள். போனதற்காக வருந்தவில்லை என்றார்கள். தங்கைகள் மூவருக்கும் நிக்காஹ், பாட்டனார் பட்ட கடன், எங்கள் படிப்பு, எல்லாம் அந்தக் கடையிலிருந்து வந்தவைதான். வருத்தம் வேறு ஒன்று. "1988லயே வந்திருக்கலாம்பா. அப்ப கடன் இல்லை. வீடு முடிஞ்சாச்சு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு ஏழு வருஷம் இருந்துட்டேன். அந்த ஏழு வருஷத்துக்கு எனக்குக் காரணமே தெரியலை."

சற்று நேரம் கழித்து, "நீ ஓதி அனுப்பின கேசட்டைத் தினமும் படுக்கறப்போ போட்டுக் கேட்பேன். 11 பேரும் கேட்பாங்க. திரும்பி வந்தப்போ நீ ஸலாம் சொன்னே பாரு, அது வேற யாரோட குரலோ மாதிரி இருந்துச்சு. உன் குரல் உடைஞ்சதைக் கூட இருந்து கேட்கலையே" என்றார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. 1095இல் பக்தாத் நிளாமிய்யாவின் தலைமை ஆசிரியர் பதவியைத் துறந்து, குடும்பத்தை விட்டுப் புறப்பட்டு, டமாஸ்கஸ், பைத்துல் முகத்தஸ், மக்கா, மதீனா என்று அலைந்தவர்கள். 50 வயதைக் கடந்த பின் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதிய 'அல்முன்கிது மினள்ளலால்' நூலில், பிள்ளைகளின் அழைப்பும் தம்மை ஊருக்கு இழுத்து வந்தது என்று ஒரு வரியில் குறிப்பிடுகிறார்கள். அறிவுத் தேட்டத்தையும் ஆன்மீகப் பயணத்தையும் விரித்துரைக்கும் நான், வகுப்பில் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவேன். அன்றிரவு திண்ணையில் அது நினைவுக்கு வந்தது. நாங்கள் அழைத்திருந்தால் வாப்பா 1988இலேயே வந்திருப்பார்களோ? ஒவ்வொரு கேசட்டின் முடிவிலும் நான் கேட்டது சைக்கிள். ராத்தா கேட்டது கைக்கடிகாரம். வாருங்கள் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

"பொறுத்துக்கிட்டேன் வாப்பா. நீங்களும் என்னைப் பொறுத்துக்கணும்" என்றேன். "உன்கிட்ட என்னப்பா இருக்கு?" என்றார்கள். நான் நோட்டைப் பற்றிச் சொன்னேன். கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாகப் பார்த்தார்கள். 1974ஆம் ஆண்டு வரவில் ஒரு மாதம் குறைத்து எழுதியிருப்பதாகச் சொல்லித் திருத்தினார்கள். கடைக் கணக்கு எழுதிய கையல்லவா!

அல்ஹம்துலில்லாஹ், வாப்பா உம்ராவை நிறைவேற்றித் திரும்பினார்கள். இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. இஷாவுக்குப் பின் நான் திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்கு ஓதிக் காட்டுகிறேன். உம்மா உள்ளேயிருந்து மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று இருவரையும் அதட்டுவார்கள். அந்தப் பழைய கேசட்டு நாடா ஒட்டிப்போய்க் கிடக்கிறது, ஓடாது.

சென்ற வாரம் சூரத்துல் ளுஹாவை ஓதச் சொன்னார்கள். ஓதினேன். இரண்டாம் வசனம் முடிந்ததும் தொடையில் இலேசாகத் தட்டி நிறுத்தினார்கள்.

"இந்த இடத்துலதான் அப்ப ஒரு ஆயத்தை விட்டுட்டே" என்றார்கள்.