கிளட்ச் கேபிளுக்கு ஒரு ராத்திரி

வண்ணார்பேட்டையில் அண்ணாச்சியின் பட்டறையில் சேர்ந்தபோது எனக்கு வயது 19. டிப்ளமோவில் மூன்று அரியர். வீட்டில் இருந்தால் அம்மாவின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் போனேன். மெக்கானிக் என்றால் எஞ்சினைப் பிரித்துப் பரப்பி, மறுபடி பூட்டி, ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறவன் என்று நினைப்பு. முதல் இரண்டு மாதம் எனக்குக் கிடைத்தது மண்ணெண்ணெய்த் தகரமும் பல்தேய்க்கும் பழைய பிரஷும்தான். செயின் கழுவினேன், நகத்துக்குள் கறுப்பு ஏறியது, அவ்வளவுதான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் தன் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். 1986-ஆம் வருஷத்து வண்டி. 350 என்று பேர், கணக்குப் பார்த்தால் 346 சிசி. வார்ப்பிரும்பு பேரல், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். எண்ஃபீல்டு இந்தியா 1955-இல் மதராஸில் தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் வருஷக்கணக்காகச் செய்த அந்தப் பழைய ஜாதி.

“கிளட்சைப் பிடிக்க முடியல. இடது கை மரத்துப் போகுது. ஹேண்டில் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. வேற ஒரு கடையில காட்டினேன், எஞ்சினை இறக்கி போர் பண்ணணும், 15,000 ஆகும்னான். எங்க வீட்ல வித்துருங்கன்னு சொல்லுதா” என்றார்.

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தார். சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “எஞ்சின் நல்லாத்தாம்ல இருக்கு. அதைச் சுத்தி இருக்கதுதான் கெழண்டு கெடக்கு.”

அந்த வண்டியை என்னிடம் விட்டார். எஞ்சினைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. எனக்கு ஏமாற்றம்.

கிளட்ச் கேபிளில் தொடங்கினேன். கழற்றி இழுத்துப் பார்த்தால் உறைக்குள் கம்பி மணலில் இழுபடுவதுபோல் கரகரத்தது. ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டை மேல்முனையில் கூம்பாகச் சுற்றி நூலால் கட்டச் சொன்னார். கேபிளைக் கூரை ஆணியில் தொங்கவிட்டு, கூம்புக்குள் எண்ணெய் ஊற்றி, கீழே ஒரு தினசரித்தாளை விரித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் வந்து பார்த்தேன். தாளில் முதலில் விழுந்த சொட்டுகள் தார் மாதிரி இருந்தன, அடுத்தவை தேயிலைச் சாயம், கடைசியாக விழுந்தவை ஊற்றிய எண்ணெய் நிறத்திலேயே. இருபது வருஷத்துத் துரு ஒரு ராத்திரியில் இறங்கி வந்திருந்தது. இப்போது கம்பி விரலுக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது.

கேபிள் எப்போதும் அந்த நுனிக் குண்டுக்குப் பக்கத்தில்தானே அறுகிறது, ஏன் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. லீவருக்குள் அந்தக் குண்டு சுழல வேண்டும். காய்ந்துபோனால் சுழலாது, அப்புறம் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கம்பி அதே இடத்தில் மடங்கும். ஒவ்வொரு இழையாக விட்டு, ஒருநாள் நடுரோட்டில் பட்டென்று போகும். இந்த வண்டியில் நல்லவேளை ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. ஒன்று அறுந்திருந்தாலும் புதுக் கேபிள்தான். குண்டில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தேன். கேபிளை டேங்குக்கு அடியில் யாரோ கட்டுக்கம்பியால் ஃபிரேமோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்ததும் பாதி கனம் குறைந்தது. எண்ணெய் இல்லாததைவிட அந்தக் கட்டுக்கம்பிதான் சாரின் கையை மரக்க வைத்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். லீவரில் மூன்று மில்லிமீட்டர் சும்மா ஆடும்படி விட்டுப் பூட்டச் சொன்னார் அண்ணாச்சி. அதுவும் இல்லாமல் இழுத்துக் கட்டினால் பிளேட் வழுக்கும்.

அடுத்தது ஹேண்டில். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் வந்ததும் டக்கென்று தானாக உட்கார்ந்தது. பிரித்தால், குண்டு ஓடும் கிண்ணத்தில் வரிசையாகக் குழிகள், பல்லாங்குழிப் பலகை போல. வருஷக்கணக்காக நேர்ரோட்டில் அடிவாங்கி, குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து உண்டாக்கிய குழி. இதை இறுக்கிப் பயனில்லை, பால்ரேஸ் செட்டை மாற்ற வேண்டும். புதுக் குண்டுகளைக் கிரீஸில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தபோது என் முழங்கை பட்டு எல்லாம் தரையில் உருண்டன. பொறுக்கினேன். ஒன்று குறைந்தது. அண்ணாச்சி டீக்குப் போயிருந்தார். ஒன்றுதானே, யாருக்குத் தெரியும் என்று ஃபோர்க்கை ஏற்றப் போனேன். வந்தவர் எட்டிப் பார்த்தார், எண்ணக்கூட இல்லை. “ஒன்னு எங்கல?” நடுவில் இருந்த இடைவெளி அவர் கண்ணுக்கு ஓட்டைப் பல் மாதிரி தெரிந்திருக்கிறது. சாக்கடை ஓரத்தில் அரைமணி நேரம் தேடி எடுத்தேன். டீ தரவில்லை.

பிரேக் ஷூவில் பாதிக்கு மேல் லைனிங் இருந்தது, ஆனால் கண்ணாடி மாதிரி மினுங்கியது. உப்புத்தாள் போட்டால் சரியாகும். தூசியை வாயால் ஊதப் போனவனின் தலையில் ஒன்று வைத்தார்: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடை. பூட்டும்போது இன்னொரு வித்தை சொல்லித்தந்தார். ஆக்சில் நட்டைக் கடைசிவரை இறுக்காமல் விட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். இரண்டு ஷூவும் டிரம்மில் சமமாக உட்கார்ந்துவிடும். ஒரு பைசா செலவில்லை. செய்வதற்கு முன்னும் பின்னும் நானே அழுத்திப் பார்த்தேன். பஞ்சில் மிதித்த கால் மரத்தில் மிதித்தது.

இரண்டு நாள் கழித்து, “சரி, டேப்பட் மூடியைக் கழத்து” என்றார். எஞ்சினைத் தொட அனுமதி! வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருந்தது. பிஸ்டனைக் கம்பிரஷனில் மேலே கொண்டுவந்து நிறுத்தினோம். உள்ளே இரண்டு தள்ளுகம்பிகள். இதற்கு ஃபீலர் கேஜ் கிடையாது, விரல்தான். ஊதுபத்திக் குச்சியை உருட்டுவதுபோல் இரண்டு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், தூக்கிப் பார்த்தால் ஆடக் கூடாது. ஒன்று சுழன்றது, ஆடவும் செய்தது. இன்னொன்று அசையவே இல்லை. அன்றைக்கு அதைச் சரிபண்ண எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. நட்டை இறுக்கும்போதெல்லாம் அளவு மாறிப்போனது. ஆறாவது தடவை சரியாக வந்ததும் கத்திக் கூப்பிட்டேன். அவர் வந்து உருட்டிப் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை லூஸ் பண்ணிட்டுப் பூட்டு” என்றார்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்தேன். பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளியை 0.40 மில்லிமீட்டருக்கு வைத்தேன். செயினை 90 ஆயிலில் முக்கி எடுத்து வடியவிட்டு மாட்டினேன், லாக்கின் மூடிய பக்கம் ஓடுகிற திசையைப் பார்க்க. பின் ஹப்பில் நொறுங்கியிருந்த ரப்பர்களை மாற்றினேன். கம்பியால் கட்டியிருந்த செயின் கார்டுக்கு முறையான போல்ட் போட்டேன். டயரில் யாரோ இரண்டுக்கும் 40 காற்று அடித்திருந்தார்கள். முன்னுக்கு 18, பின்னுக்கு 28 என்று இறக்கினேன். மொத்தச் செலவு 15,000-இல் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

சார் வந்தார். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக மிதித்து, டீகம்பிரஷனைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளட்சைப் பிடித்தவர் கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பிடித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பாலத்துப் பக்கம் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். எனக்குப் பகீரென்றது.

“வண்டி தங்கம் அண்ணாச்சி. ஒரே ஒரு கம்ப்ளெயின்ட். முன்னால தெருமுக்குல திரும்பும்போதே செயின் கார்டு சத்தம் கேட்டு எங்க வீட்ல பாலை அடுப்புல வச்சிருவா. இப்ப நான் வந்து வாசல்ல நிக்கதே தெரியல. காப்பிக்குக் கால்மணி நேரம் காத்துக் கெடக்கேன்.”

“தெருமுக்குல ஹாரன் அடிங்க சார்” என்றேன்.

“அது அடிச்சாத்தான தம்பி?”

அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தேன்.