பட்டியல் வரையும் கை

நம் சங்கத்துக் குடும்பங்களில் மருத்துவ மேற்படிப்புப் படிக்கும் பிள்ளைகள் இன்று பலர். இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் பிள்ளையின் சிவந்த கண்ணைக் கண்டதும் தாய் முதலில் வைவது துறைத்தலைவரைத்தான். அவ்வசையில் நியாயம் இல்லாமலும் இல்லை. எனினும், வட இந்திய நகரமொன்றில் பொது மருத்துவத் துறைக்கு ஒன்பது ஆண்டுகள் தலைமை தாங்கியவன் என்ற முறையில், மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கணக்கு எளியது. வாரத்திற்கு 168 மணி நேரம். மேற்படிப்பு மாணவர் சாதாரணமாக வாரம் 48 மணிக்கு மேலோ, ஒரே மூச்சில் 12 மணிக்கு மேலோ பணியாற்றலாகாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இலேயே வழிகாட்டியது. ஆக, இரவு பகலாக ஒருவர் நிற்க வேண்டிய ஓரிடத்திற்கு மூன்றரைப் பேர் வேண்டும். அவசர சிகிச்சை, வார்டு, தீவிர சிகிச்சை என மூன்று இடங்களுக்குப் பத்தரைப் பேர். என்னிடம் இருந்தவர்களோ ஒன்பதின்மர். அவர்களிலும் மூவர் தேர்வுக்குப் படிப்பர், ஒருவருக்கு மஞ்சள் காமாலை வரும், இன்னொருவருக்குத் தமக்கை திருமணம். மாதந்தோறும் பட்டியல் வரைய உட்காரும்போது, விதியும் நோயாளியும் ஒரே தாளில் அடங்கார் என்பது எழுதும் கைக்குத் தெரியும்.

இவ்வகைச் சோர்வுக்கு மேனாட்டார் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு புரிந்த உளவியலார் பிராய்டன்பர்கர் 1974-இல் அதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதை நோயென்று கொள்ளாது, பணியால் விளையும் நிலை என்றே வகுத்தது. 1981-இல் அதற்கோர் அளவுகோலை வெளியிட்ட மாஸ்லாக் அம்மையார் கூறுகள் மூன்றென்றார்: உள்ளம் வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாமை, ஆற்றிய பணியில் நிறைவின்மை. இரண்டாவதுதான் கொடியது. வார்டு மருத்துவருக்கு நோயாளி 'பதினான்காம் கட்டில்' ஆகிவிடுவார். துறைத்தலைவருக்கோ மாணவன் 'புதன் இரவு' ஆகிவிடுவான். அவன் விடுப்புக் கேட்டு வருகையில், காரணம் காதில் விழுமுன் பட்டியலின் வெற்றிடம் கண்ணில் படும்.

நோயாளிகள் மிகுதியால் நான் களைத்ததில்லை. களைக்கச் செய்தவை ஆய்வேட்டுப் படிவங்கள், பணிப்பதிவேட்டுக் கையொப்பங்கள், வருகைக் கணக்கு, பார்வையிட வருவோர்க்கான கோப்புகள். 2020-இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. பலகை மாறிற்று, படிவம் குறைந்ததாக நான் அறியேன்.

இரு முறை தலைமையைத் துறக்கக் கடிதம் எழுதி வைத்தேன். கொடுக்கவில்லை. தடுத்தது செவ்வாய்க் காலை. அன்று மட்டும் கோப்பு எதுவும் என்னிடம் வரலாகாது என்று எழுத்தரிடம் சொல்லி வைத்திருந்தேன்; மாணவரோடு கட்டில் கட்டிலாக நடப்பேன். பீகாரின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண், முதலாண்டில் முதுகுத்தண்டு நீர் எடுக்க ஊசியைப் பற்றியபோது விரல் நடுங்கியவள். மூன்றாமாண்டில் ஒரு செவ்வாயன்று, புதிய மாணவன் ஒருவனின் கையைத் தன் கையால் நிலைப்படுத்தி, படுத்திருந்த கிழவியிடம் அவள் ஊர்ப் பேச்சிலேயே பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கிற்று, தெளிந்த நீர் சொட்டிற்று. நான் வாயிற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கால் மணிக்குச் சம்பளமும் பதவியும் ஈடாகா.

பொறுப்பை ஒப்படைத்த நாளில், எனக்குப் பின் வந்தவரிடம் சாவிகளையும் அடுத்த மாதப் பட்டியலையும் கொடுத்து, செவ்வாய்க் காலையை யாருக்கும் விட்டுக் கொடுக்க வேண்டாம் என்றேன். "முயல்கிறேன், சார்" என்றார். பட்டியலில் புதன் இரவு இன்னும் நிரம்பவில்லை.